கவட்டைப் பட்டை, தொடை உறை, கம்ப்ரஷன் ஷார்ட்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

உள்தொடையில் சுரீரென்று இழுத்த அன்றே பலர் செய்யும் முதல் வேலை, கவட்டையையும் இடுப்பையும் சேர்த்துச் சுற்றுகிற நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) பட்டை ஒன்றை ஆர்டர் போடுவது. பட்டை வந்ததும் கட்டிக்கொண்டு நடந்தால் வலி குறைந்தது போலிருக்கும். ஒரு வாரத்தில் ஓடப் போவார்கள். அதே இடத்தில் மறுபடி இழுக்கும். பட்டை மோசமான பொருள் என்று சொல்ல முடியாது. அதனால் முடிந்த வேலை எது, முடியாத வேலை எது என்பதை யாரும் சொல்லாமல் விற்பதுதான் கோளாறு.

இடுப்பு, தொடை, கவட்டைக் காயங்களுக்கென்று விற்கும் பொருள்களை இரண்டு கூடையில் பிரித்துப் போடலாம். பிடித்துக்கொள்பவை ஒரு கூடை: பட்டை, உறை, பேண்டேஜ், ஷார்ட்ஸ். சுமை ஏற்றுபவை இன்னொரு கூடை: பந்து, ரப்பர் பேண்ட், உங்கள் உடல் எடை. முதல் கூடை வலியைத் தணிக்கும், முதல் சில நாள் வீக்கத்தை அடக்கும், நடையைச் சற்று எளிதாக்கும். கிழிந்த நார்கள் பழைய வலுவுக்கு வருவது இரண்டாம் கூடையால்தான். பணம் ஒரு கூடைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், தயங்காமல் இரண்டாவதை வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன்

‘பிடிச்சுக்கிச்சு’ என்ற ஒரே சொல்லில் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகளை அடக்கிவிடுகிறோம். தசைப்பிடிப்பு சில நிமிடங்களில் விட்டுவிடும். தசைக்கிழிவு ஓடும்போதோ உதைக்கும்போதோ ஒரே கணத்தில் வரும், மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கும். முழங்காலோ பந்தோ மோதியதால் வந்தது ரத்தக்கட்டு. மூட்டுவலிக்கு இப்படி ஒரு தொடக்க நேரமே இருக்காது.

கவட்டை வலியைப் பொறுத்தவரை 2014-ல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் ஒரு வகைப்பாட்டை ஒப்புக்கொண்டார்கள். 2015-ல் அது வெளியானது. உள்தொடைத் தசை, இடுப்பை மடக்கும் இலியோசோவாஸ் தசை, அடிவயிறும் தொடையும் சேரும் குடலிறக்கப் பகுதி, நடுவில் இருக்கும் பூப்பெலும்பு என நான்கு. இடுப்பு மூட்டிலிருந்தே வருவது தனி வகை. வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கும்போது உள்பக்கம் வலித்து, எலும்பை ஒட்டித் தொட்டாலும் வலித்தால் உள்தொடைத் தசை. முழங்காலைத் தூக்கும்போது முன்பக்கம் வலித்தால் மடக்கும் தசை. இருமும்போதும் படுத்த நிலையிலிருந்து எழும்போதும் அடிவயிற்றில் வலித்தால் குடலிறக்கப் பகுதி. சாக்ஸ் போடக் குனியும்போதும் தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதும் ஆழத்தில் குத்தினால் மூட்டைச் சந்தேகிக்கலாம். கவட்டைப் பட்டை ஏதாவது செய்யும் என்றால் முதல் இரண்டுக்கு மட்டுமே. மூட்டு வலிக்கு அதை வாங்குவது வீண்.

சில நிலைகளில் எதையும் வாங்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். விரையில் திடீர் வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமல் போவது, காய்ச்சலோடு இடுப்பு வலிப்பது, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. நீண்ட தூரம் ஓடுபவருக்குக் கவட்டையின் ஆழத்தில் வலி வந்து, ஓடஓடக் கூடி, பிறகு நடந்தாலும் வலித்தால், தொடையெலும்பின் கழுத்தில் நுண்முறிவு இருக்கலாம். பட்டை கட்டிக்கொண்டு அதன் மேல் ஓடினால் முழு முறிவில் முடியும். பத்து முதல் பதினைந்து வயதுக்குள் உள்ள பிள்ளை நொண்டினால், வலி முழங்காலில் என்று அது சொன்னாலும், இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வளரும் எலும்பின் தலை நழுவுகிற கோளாறு அந்த வயதில்தான் வரும், வலியையோ முழங்காலில் காட்டும். பின்தொடையில் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, உட்காரும் எலும்பருகே வலித்து, இரண்டொரு நாளில் தொடை முழுக்கக் கறுத்தால், தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கக்கூடும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதல் சில வாரங்களில் செய்வதே நல்லது. உறை போட்டு மாதக்கணக்கில் ஓட்டினால் அந்த வாய்ப்பு கைநழுவும்.

நியோப்ரீன் கவட்டைப் பட்டை: 5-க்கு 2

இதுதான் அதிகம் விற்கிறது, அதிகம் ஏமாற்றமும் தருகிறது. தொடையில் ஒரு வளையம், இடுப்பில் ஒரு பெல்ட், இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பட்டை. 3 முதல் 5 மி.மீ. தடிமன். இடத்தைச் சூடாக வைத்திருக்கும், காலை விரித்து எட்டி வைப்பதைச் சற்றுத் தடுக்கும். முதல் வாரத்தில் மாடிப்படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் உதவும்.

தவறுவது மூன்று இடங்களில். தொடை மேலே பருத்துக் கீழே சிறுத்தது என்பதால் பத்து நிமிடம் நடந்ததும் வளையம் சறுக்கும். சறுக்குகிறதே என்று வெல்க்ரோவை இறுக்குவோம். அடுத்த கோளாறு அங்கே பிறக்கிறது. இடுப்பெலும்பின் முன் முனையை ஒட்டி, வெளித்தொடைத் தோலுக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. பெல்ட் அதை அழுத்தினால் வெளித்தொடை மரத்துப்போகும், அல்லது எறும்பு ஊர்வதுபோல எரியும். காயம் உள்தொடையில், எரிச்சல் வெளித்தொடையில் என்றால் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். அன்றே தளர்த்துங்கள். மூன்றாவது தோல். உள்ளே வியர்வை தங்கி அரிப்பு வரும். நியோப்ரீனிலும் அதன் பசையிலும் இருக்கும் தயோயூரியா வகை வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். பட்டையின் ஓரத்தை வரைந்தது போலச் சிவந்த தடம் தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கீழே மெல்லிய பருத்திக் கால்சட்டை போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

அளவை எடை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கவட்டை மடிப்பிலிருந்து 5 செ.மீ. கீழே தொடைச் சுற்றளவு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இடுப்புச் சுற்றளவு, இரண்டும் நின்ற நிலையில் எடுத்தது வேண்டும். குறுக்குப் பட்டை தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தால் நல்லது. தைத்தே வருபவை உயரமானவருக்குக் கவட்டையை அறுக்கும்.

நீள எலாஸ்டிக் பேண்டேஜ்: 5-க்கு 4

பார்க்கச் சாதாரணமான இந்தச் சுருள், மேலே சொன்ன பட்டையை எல்லா வகையிலும் தோற்கடிக்கிறது, சரியான அளவில் வாங்கினால். அகலம் 15 செ.மீ., நீளம் சுமார் 10 மீட்டர். இரட்டை நீளம் என்று கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான நாலரை மீட்டர் சுருள் தொடைக்கும் இடுப்புக்குமாக இரண்டு மூன்று சுற்றிலேயே தீர்ந்துவிடும்.

உள்தொடைக் காயத்துக்குக் கட்டும் முறை இது. நின்றுகொண்டு கட்டுங்கள். உட்கார்ந்து கட்டினால் எழுந்ததும் இறுக்கம் மாறிவிடும். எடை நல்ல காலில் இருக்கட்டும். காயமுள்ள கால் தளர்வாக, கட்டைவிரல் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கட்டும். பேண்டேஜின் நுனியைத் தொடையின் மேல் உள்பக்கத்தில் வைத்து, பின்பக்கமாகக் கொண்டுபோய், வெளிப்பக்கம் சுற்றி முன்னால் கொண்டு வாருங்கள். அங்கிருந்து அடிவயிற்றின் குறுக்கே ஏற்றி, எதிர்ப்பக்க இடுப்பெலும்பின் மேல் போட்டு, முதுகைச் சுற்றிக் காயமுள்ள பக்கத்துக்குக் கொண்டு வந்து, முன்தொடையில் சரித்து மறுபடி உள்தொடைக்கு. இடுப்பின் முன்னே ஒரு பெருக்கல் குறி தெரிந்தால் சரியாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். திசை முக்கியம்: முன்தொடையின் மேல் இழுவிசை வெளியிலிருந்து உள்நோக்கி இருந்தால்தான் உள்தொடைத் தசைக்குத் தாங்கல் கிடைக்கும். தலைகீழாகச் சுற்றினால் கட்டு காலை வெளிப்பக்கம் திருப்பி, காயத்தையே இழுக்கும். இடுப்பை மடக்கும் தசையில் காயம் என்றால் குதிகாலுக்கு அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு ஏதாவது வைத்து, இடுப்பு சற்று மடங்கிய நிலையில் கட்ட வேண்டும்.

இறுக்கம், முழு நீட்டத்தில் பாதி. கட்டி முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நிறம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். பேண்டேஜோடு வரும் உலோகக் கிளிப்பைத் தூக்கிப் போடுங்கள். நடக்க நடக்க அது கழன்று, அதன் பல் தோலைக் குத்தும். ஒட்டு டேப் போதும். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், தனியாகக் கட்டிப் பழக நாலைந்து முறையாவது ஆகும். மீதி அரை, துவைக்கத் துவைக்கத் தொய்கிறது. பிழியாமல் பரப்பிக் காயவைத்தால் அதிக நாள் வரும்.

கம்ப்ரஷன் ஷார்ட்ஸ்: 5-க்கு 3.5

விளையாட்டுக்குத் திரும்பும் கட்டத்தில் எங்கள் தேர்வு இதுதான். சறுக்காது, நரம்பை ஒரே இடத்தில் அழுத்தாது, கவட்டை முழுவதையும் சமமாகத் தாங்கும். பின்தொடையின் மேல்முனையில், உட்காரும் எலும்பருகே காயம் என்றால் தொடை உறை அந்த இடத்துக்கு எட்டவே எட்டாது. அங்கே ஷார்ட்ஸ் மட்டும்தான் வழி.

லேபிளில் எலாஸ்டேன் (இழுபடும் செயற்கை நார்) 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கட்டும். நீளம் முழங்காலுக்குச் சற்று மேலே வரை வேண்டும். குட்டையானவை நடுத்தொடையில் சுருண்டு, சரியாகக் காயத்தின் மேல் கயிறு கட்டியது போல நிற்கும். உள்தொடையில் தையல் ஓடாத மாதிரியாகப் பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் இடுப்பை விட்டுவிட்டுத் தொடை அளவைப் பின்பற்றுங்கள். போட்டதும் முழுதாக ஒரு முறை குந்தி எழுங்கள், ஒரு முறை பக்கவாட்டில் எட்டி வையுங்கள். விளிம்பு உருண்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். துணி மென்மையாக்கும் திரவமும் சூடான உலர்த்தியும் எலாஸ்டேனைக் கெடுக்கும்.

இதைப் போட்டால் வலி தெரிவதில்லை என்று பலரும் மகிழ்ச்சியோடு எழுதுகிறார்கள். உண்மைதான். அதில் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வலி மட்டும் குறைந்து, தசையின் வலு ஏறாமல் இருக்கும்போதுதான் இரண்டாம் கிழிவு வருகிறது.

தொடை உறை, ஐஸ், ஊன்றுகோல்

நடுத்தொடைக் காயத்துக்குக் குழாய் வடிவ உறை சரியாகவே வேலை செய்கிறது. மேல் விளிம்பின் உள்பக்கம் சிலிகான் பட்டி உள்ளதாக வாங்குங்கள். முன்தொடையில் முட்டி மோதி வந்த ரத்தக்கட்டுக்கு மட்டும் உறையைவிடச் சிறந்த ஒன்று இருக்கிறது. அடிபட்ட பத்து நிமிடத்துக்குள் முழங்காலை வலி பொறுக்கும் அளவில் 120 டிகிரி வரை மடக்கி, கணுக்காலையும் தொடையையும் எட்டு வடிவில் பேண்டேஜால் சேர்த்துக் கட்டி, 24 மணி நேரம் அப்படியே வைப்பது. அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் 47 பேருக்கு இப்படிச் செய்ததில் சராசரியாக மூன்றரை நாளில் களத்துக்குத் திரும்பினார்கள். 2006-ல் வெளியான முடிவு இது. காரணம் எளிது: மடங்கிய நிலையில் முன்தொடைத் தசை நீண்டு இறுகுவதால் உள்ளே ரத்தம் தேங்க இடம் குறைகிறது, தசை சுருங்கிய நிலையில் விறைத்துப்போவதும் தவிர்க்கப்படுகிறது. முழங்காலிலும் அடிபட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள். தொடை கல்லாக இறுகி, வலி ஏறிக்கொண்டே போய், கால் மரத்தால் உடனே அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த ரத்தக்கட்டை நீவிவிடுவது, சூட்டு ஒத்தடம் கொடுப்பது இரண்டும் முதல் நாள்களில் கூடவே கூடாது. ரத்தம் மேலும் கசியும். தசைக்குள்ளேயே எலும்பு வளரும் சிக்கலுக்கும் வழி வகுக்கும். சில வாரம் கழித்துத் தொடையில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டு, முழங்கால் மடங்க மறுத்தால் அதுவாக இருக்கலாம்.

ஜெல் ஐஸ் பேக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரத்துணி சுற்றி 10 முதல் 15 நிமிடம், முதல் இரண்டு நாள், வலிக்காக மட்டும். கவட்டையின் மடிப்பில் ஜெல் பேக் விறைப்பாக நிற்கும். பையில் போட்ட நொறுக்கிய ஐஸ் அங்கே நன்றாகப் படியும்.

நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் ஊன்றுகோல் நல்ல முதலீடு. கைகள் தொங்கும்போது கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராகவும், அக்குளுக்கும் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளியும் இருக்க வேண்டும். எடையை அக்குளில் போட்டால் கை மரக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது காயமுள்ள கால் முதலில்.

பந்தும் ரப்பர் பேண்டும்: 5-க்கு 5

20 முதல் 22 செ.மீ. விட்டமுள்ள மென்மையான பந்து. காற்று சற்றுக் குறைத்த கால்பந்தே போதும். மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, பாதங்களுக்கு நடுவே பந்தை வைத்து 30 விநாடி அழுத்துங்கள், 10 முறை. பிறகு முழங்கால்களை மடக்கி, முழங்கால்களுக்கு நடுவே வைத்து அதேபோல 30 விநாடி, 10 முறை. டென்மார்க்கில் பெர் ஹோல்மிச் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வின் தொடக்கப் பயிற்சிகளே இவை. நாள்பட்ட கவட்டை வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களில் ஒரு பாதிக்கு வாரம் மூன்று முறை 8 முதல் 12 வாரம் வலுப்பயிற்சி. மறுபாதிக்கு மசாஜ், லேசர், மின்தூண்டல், ஸ்ட்ரெச்சிங். வலியின்றி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் முதல் குழுவில் 23 பேர், இரண்டாவதில் 4 பேர். வலு பெற்ற குழு உள்தொடையை ஸ்ட்ரெச் செய்யவே இல்லை. உள்தொடை வலித்தால் காலை விரித்து இழுத்துக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பந்து ஓர் அளவுகோலும்கூட. கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே வைத்து 5 விநாடி முழு பலத்தில் அழுத்தி, வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுங்கள். 0 முதல் 2 வரை என்றால் அன்றைய பயிற்சி தொடரலாம். 3 முதல் 5 வரை என்றால் அளவைக் குறைக்க வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் என்றால் ஓட்டமும் உதையும் அன்று வேண்டாம்.

அழுத்தும்போது வலி 2-க்குள் நின்ற பிறகு ரப்பர் பேண்ட். ஒரு முனையைக் கனமான மேசைக் காலில் மாட்டி, மறுமுனையைக் கணுக்காலில் போட்டு, காலை உள்நோக்கி இழுங்கள். திரும்ப விடும்போது மூன்று விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். பலர் அங்கேதான் அவசரப்பட்டுப் பேண்டைச் சடாரென்று விடுகிறார்கள். பலன் பெரும்பகுதி அந்த மெதுவான திரும்பலில்தான் இருக்கிறது. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றின் மஞ்சளைவிட லேசாக இருக்கும். 12 முறை இழுத்ததும் களைத்தால் அதுவே உங்கள் பேண்ட். வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். ஓரத்தில் ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் அடுத்த முறை அங்கேதான் அறுந்து முகத்தில் அடிக்கும்.

அடுத்த படிக்கு ஒரு பெஞ்சு போதும். பக்கவாட்டில் முன்கையை ஊன்றி, மேல்காலைப் பெஞ்சின் மேல் வைத்து, இடுப்பைத் தூக்கி, கீழ்க்காலை மேல்காலோடு சேர்ப்பது. கோபன்ஹேகன் பயிற்சி என்று சொன்னால் பிசியோவுக்குப் புரியும். முதலில் முழங்காலைப் பெஞ்சில் வைத்து, பல நாள் கழித்துக் கணுக்காலை. ஒரு பக்கத்துக்கு 3 முதல் 5 முறையில் தொடங்கி, சில வாரங்களில் 12 முதல் 15 வரை. நார்வே கால்பந்து வீரர்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் கவட்டைக் கோளாறுகளின் அபாயம் 41 சதவீதம் குறைந்தது. முதல் வாரம் உள்தொடை நன்றாகவே வலிக்கும். பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் போய்விடும் வலி அது.

பின்தொடைக் கிழிவுக்கும் இதே நியாயம்தான். ஸ்வீடன் கால்பந்து வீரர்களிடம் ஆஸ்க்லிங் குழு நடத்தி 2013-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், தசையை நீட்டியபடியே சுமை ஏற்றிய பயிற்சியில் இருந்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சியில் இருந்தவர்களுக்கு 51 நாள் ஆனது. அதில் பாதத்தைச் சறுக்கவிடும் பயிற்சிக்கு வழவழப்பான தரையும் ஒரு ஜோடி சாக்ஸும் இருந்தால் போதும். முழங்காலிட்டு முன்னால் மெதுவாகச் சாயும் நோர்டிக் பயிற்சிக்கெனக் கதவில் மாட்டும் பட்டை விற்கிறார்கள். ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டால் அதுவும் தேவையில்லை. புதுக் காயத்தில் நோர்டிக் வேண்டாம், கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள்.

ரோலர், மசாஜ் கன், தலையணை

ரோலரும் மசாஜ் கன்னும் ஆறிய தசையின் விறைப்புக்குச் சற்று இதம் தரும். புதுக் கிழிவிலும் ரத்தக்கட்டிலும் கூடாது. இடுப்பின் வெளிப்பக்கம் வலிப்பவர்கள் ரோலரை அந்த எலும்பின் மேல் உருட்டவே கூடாது. அந்த வலி பெரும்பாலும் பிட்டத் தசைநாண் எலும்போடு நசுங்குவதால் வருவது. ரோலர் மேலும் நசுக்கும். அவர்களுக்கு ஒரு கெட்டியான தலையணை போதும். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரு கால்களுக்கும் நடுவே வையுங்கள். முழங்காலுக்கு மட்டும் வரும் சின்னத் தலையணை என்றால் பாதம் கீழே சரிந்து இடுப்பைத் திருப்பிவிடும். கால் மேல் கால் போட்டு உட்காருவதையும், ஒரு இடுப்பில் சாய்ந்து நிற்பதையும் அதோடு சேர்த்து விட வேண்டும்.

பிடித்துக்கொள்ளும் பொருள்களை எப்போது கழற்றுவது? நொண்டாமல் நடக்க முடிந்ததும் பட்டையையும் பேண்டேஜையும் விட்டுவிடலாம். ஷார்ட்ஸை முதலில் மெதுவோட்டத்தில் கழற்றிப் பாருங்கள், பிறகு வேக ஓட்டத்தில், கடைசியாகத் திசை திருப்பும் ஓட்டத்திலும் முழு உதையிலும். ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலை பந்தை எடுத்து 5 விநாடி அழுத்துங்கள். எண் 2-ஐத் தாண்டினால் முந்தைய படிக்கே திரும்பி இரண்டு நாள் இருந்துவிட்டு மறுபடி முயலுங்கள்.